என் மகனுக்கு முதலில் இட்ட பெயர்

என் மகனுக்கு முதலில் இட்ட பெயர் அரபுப் பெயர். நாங்களோ தலைமுறை தலைமுறையாகத் திருநீறு பூசுகிறவர்கள். காலையில் நீராடிப் பதிகம் ஓதாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அந்தப் பெயர் எவ்வாறு வந்தது, அதை நான் எவ்வாறு நீக்கப் பார்த்தேன், அதனால் என்ன விளைந்தது என்பதை இதுவரை எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் என்னைக் காத்துக்கொள்ளும் சொற்களே முந்திக்கொண்டு வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுத முயல்கிறேன்.

வட ஆற்காட்டிலிருந்து நான் தங்கவயலுக்கு வந்தபோது சுரங்கங்கள் இன்று போல் ஆழமாகியிருக்கவில்லை. கொஞ்சம் இங்கிலீஷ் எழுதத் தெரிந்திருந்தமையால் ஷாஃப்ட் எனப்படும் சுரங்கக் கிணற்றின் வாயிலில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆட்கள் கீழே இறங்கும் கூண்டான கேஜில் ஏறுமுன் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட வேண்டும். அவர் 'ஆஜர்' என்று சொன்னால் ஒரு கோடு. ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது மறுபடியும் கூப்பிட வேண்டும். அப்போது விடை வராத பெயர் ஒன்று இருந்தால், கேஜ் மீண்டும் கீழே போகும். பெயர் என்பது எத்துணைக் கனமான பொருள் என்பதை அந்த வேலையில் இருந்தவன் அறியாமல் இருக்க முடியாது. ஆனால் அறிந்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு.

நாங்கள் குடியிருந்தது மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்டு கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. லைன் என்பார்கள். ஒரு தட்டிக்கு அப்பால் அடுத்த வீடு; இங்கே இருமினால் அங்கே கேட்கும். எங்களுக்கு அடுத்த வீட்டில் பேரணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. அவர் என் ஷாஃப்டிலேயே கேஜுக்கு மணியடிக்கும் வேலை பார்த்தார். அவரை எல்லாரும் பாய் என்றே அழைத்தனர். நானும் அப்படியே அழைத்தேன். அவர் மனைவி என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். இரண்டு பெண்களும் அடுப்பு வேலையின் நடுவே தட்டிக்கு இருபுறமும் இருந்துகொண்டு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் முதல் குழந்தை பதினோராம் நாள் போயிற்று. இரண்டாவது ஆறு மாதம் இருந்தது. சிரிக்கவும் குப்புற விழவும் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு பகற்பொழுதில் வயிற்றுப்போக்கு கண்டு போயிற்று. இரண்டு முறையும் நான் பாடல்களின் துணையைத்தான் தேடினேன். 'கொடுத்தவனே எடுத்துக்கொண்டான்' என்னும் கருத்தில் எத்தனையோ பாடல்கள் எனக்கு மனப்பாடம். இரண்டாவது குழந்தைக்குப் பின் என் மனைவி அவற்றைக் கேட்க வந்து உட்காருவதை நிறுத்திவிட்டாள். நான் பாடும் நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். அதை நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவள் கருவுற்றபோது, தட்டிக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பேச்சு என் காதில் விழுந்தது.

"தங்கச்சி, பாலாத்தங்கரை தர்காவுல ஒரு வார்த்தை வச்சிட்டு வா. எங்க ஜனம் உங்க ஜனம்னு அங்க பாக்கறதில்ல. புள்ள தங்காத வயித்துக்கெல்லாம் அங்கதான் வராங்க."

"அவரு இன்னா சொல்லுவாரோ, அக்கா."

"அவரா பெத்துக்கப் போறாரு?"

இருவரும் சிரித்தார்கள். என் மனைவி நெடுநாளைக்குப் பின் சிரித்தது அது. ஆகையால் வேண்டுதலைப் பற்றித் தெரிந்தும் தெரியாதவன் போல இருந்துவிட்டேன்.

பிரசவத்துக்கு அவள் பாலாற்றங்கரையிலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாளன்று தர்கா வேண்டுதலை நிறைவேற்ற வரச்சொல்லி ஆள் வந்ததும், பங்காருபேட்டை ஜங்ஷனில் வண்டி மாறி நானும் போய்ச் சேர்ந்தேன். பாலாற்றில் அப்போது தண்ணீர் இல்லை. மணலில் நடந்து போனோம். தர்கா பெரிதன்று. ஒரு வேப்பமரம், சுண்ணாம்பு அடித்த சமாதி, பச்சைத் துணி. சமாதியைக் காத்துவந்த பக்கிரி வயதானவர், அதிகம் பேசாதவர். அங்கே முறை என்னவென்றால், குழந்தையை ஒரு முறத்தில் தவிட்டின்மேல் கிடத்தி அவர் முன் வைக்க வேண்டும். அவர் அதிலிருந்து ஒரு கைப்பிடித் தவிட்டைத் தாயின் முந்தானையில் போட்டுக் குழந்தையை விலைக்கு வாங்கிக்கொள்வார். அதற்குமுன் ஒரு கேள்வி கேட்பார். தாயும் தந்தையும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும்.

"இது யாரு புள்ள?"

"எங்களுது இல்ல, உங்களுது" என்றாள் என் மனைவி. இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். என் மார்பில் உருத்திராட்சம் இருந்தது. நெற்றியில் நீறு இருந்தது. முறத்திலிருந்த குழந்தை காலை உதைத்துத் தவிட்டைக் கிளப்பிற்று. என் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. பக்கிரியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுது" என்றேன்.

அவர் ஒரு கைப்பிடித் தவிட்டை என் மனைவியின் முந்தானையில் போட்டுவிட்டுக் குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வலக்காதில் ஏதோ ஓதினார். பிறகு மூன்று முறை பெயரைச் சொன்னார்: அப்துல் காதர். அதன்பின் பிள்ளையை என் மனைவியின் கையில் கொடுத்தார்.

"வளக்கக் குடுக்கறேன். ஏழு வயசு முடியறப்ப கூட்டியாந்து முடி எறக்குங்க. அப்ப விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். அதுக்கப்புறம் நீங்க எந்தப் பேர வேணாலும் வச்சிக்கலாம். அது வரைக்கும் பேர் எங்களது. மாத்தாதீங்க."

திரும்பும் வழியில் மணலில் நின்று நான் கேட்டேன்: "மாற்றினால் என்னவாம்?" அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு முன்னே நடந்துவிட்டாள்.

குழந்தை தங்கினான். பதினோராம் நாளைக் கடந்தான், ஆறு மாதத்தைக் கடந்தான், நடந்தான், ஓடினான். லைனில் எல்லாரும் அவனைக் காதர் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சிறிய கல் நாவில் தட்டியது போலிருக்கும். பூசைக்கு உட்கார்ந்து ஐந்தெழுத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். அடுப்பங்கரையிலிருந்து "காதரு, அப்பா கிட்ட போகாத, ஜபம் பண்றாரு" என்று குரல் வரும். எண்ணிக்கை தவறிவிடும்.

திங்கட்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பதிகம் பாடுவோம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் எங்கள் கோயில். ஷிஃப்ட் விட்டு வந்து குளித்து, தலையில் ஈரம் காயாமல் வந்து உட்காருவார்கள். நல்லவர்கள், ஆனால் நாக்கு சும்மா இராது.

"இன்னா சாயபு, பட்டையடிச்சிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?" என்பார் மிருதங்கம் வாசிப்பவர், என் மகனைப் பார்த்து.

"கோயிலுக்கு" என்பான் அவன்.

"அப்ப பள்ளிவாசலுக்கு யாரு போறது, உங்கப்பாவா?"

சிரிப்பு எழும். பகையில்லாத சிரிப்புதான். பையனும் சேர்ந்து சிரிப்பான். என்னால்தான் முடியாது. வேலையிடத்திலும் அப்படியே. என் புத்தகத்தில் காதர் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கூப்பிடும்போதெல்லாம் மூன்று வளர்ந்த ஆண்குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'ஆஜர்' என்னும். ஒரு நாள் மாலை அவர்களில் ஒருவர் மேலே வரச் சிறிது தாமதமாயிற்று. நான்கு முறை அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். நான்காம் முறை என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மணியருகே நின்ற பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் அடுத்த கேஜில் வந்துவிட்டார். ஆனால் இந்தப் பெயரிலிருந்து என் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று என்னுள் வேர்கொண்டது. அதைப் பக்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்கு ஐந்து வயது நிறைந்தபோது எங்கள் கொட்டகைக் கோயிலுக்குச் சிறிய அளவில் குடமுழுக்கு நடந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஓதுவாரை அழைத்து வந்திருந்தோம். நல்ல சாரீரம், எழுபது வயதிருக்கும். என் மகன் அவர் முன் நின்று ஒரு பதிகத்தை, பண் பிசகாமல், முதலிலிருந்து கடைசிவரை பாடினான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, நான் ஓதுவதைப் படுக்கையில் கிடந்தபடியே கேட்டு உண்டான பாடம் அது. ஓதுவாரின் கண் கலங்கிற்று. அவனைத் தூக்கி மடியில் வைத்துத் தாமே திருநீறு இட்டார்.

"குழந்தையின் திருநாமம் என்ன?" என்றார்.

கோயில் நிரம்பியிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தார் முகங்களில் ஒரு சிரிப்பு தொடங்குவதைக் கண்டேன். மகன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். ஆண்டவனின் அடியான் என்று பொருள்படும் ஒரு பெயரைச் சொன்னேன். அந்தக் கணம்வரை அப்படியொரு பெயரை நான் நினைத்துவைத்திருந்ததில்லை.

"பொருத்தமான பெயர்" என்று சொல்லி, ஓதுவார் அந்தப் பெயரைச் சந்நிதியை நோக்கி உரக்கச் சொன்னார். தீபம் காட்டினார்கள். எல்லாரும் கைகூப்பினார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம புள்ளையாங்க அது, நீங்க பாட்டுக்கு பேரு வெக்க? வளக்கக் குடுத்த புள்ள."

"சந்நிதியில் சொல்லியாயிற்று. இனி அதுதான் பெயர்."

"இன்னும் ரெண்டு வருசம். ரெண்டே வருசம். அது வரைக்கும் பொறுக்க முடியலியா உங்களால?"

"சும்மா இரு. ஒரு பெயரிலா உயிர் இருக்கிறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "பேருல ஒண்ணும் இல்லன்னா, தெனம் காலையில குளிச்சிட்டு உக்காந்துகினு யாரு பேர அத்தினி வாட்டி சொல்றீங்க?"

நான் கற்ற பாடல்கள் ஆயிரத்துக்குக் குறையாது. அவற்றில் பாதி, இறைவன் திருப்பெயர் ஒன்றே பிறவிக்கடல் கடக்கும் புணை என்று சொல்பவை. அந்தப் பெயரைச் சொல்லிக் கல்லும் மிதக்கும், நஞ்சும் அமுதாகும் என்று நம்பிப் பாடியவன் நான். அவளுக்குச் சொல்ல ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. "நான் சொன்னால் சொன்னதுதான்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள் புழங்கின. நான் இருக்கும்போது அவள் அவனைக் கண்ணு என்று மட்டும் கூப்பிடுவாள். நான் வெளியே போனதும் பழைய பெயர் திரும்பிவிடும் என்பது, ஒரு நாள் ஷிஃப்ட் முன்னதாக முடிந்து வந்தபோது எனக்குத் தெரிந்தது. என்னைக் கண்டதும் பையன், "அப்பா, அம்மா என்ன அந்தப் பேரு சொல்லிக் கூப்புடல" என்றான். கேட்காமலேயே சொன்னான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவில், ஷாஃப்ட் வாயிலில் பாய் என்னருகே வந்து நின்றார்.

"ரைட்டரே, பேர மாத்திட்டீங்களாமே."

"ஆமாம் பாய். மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

"எனக்கு இன்னா, உங்க புள்ள. ஒண்ணு கேக்கறேன். புதுப் பேருக்கு அர்த்தம் இன்னா?"

"ஆண்டவனுக்கு அடியான்னு அர்த்தம்."

அவர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி கேட்டார்: "பழைய பேருக்கு?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"காதர்னா எல்லாம் வல்லவன். அது அல்லாவோட திருநாமம். மனுசனுக்கு அத தனியா வெக்கக் கூடாது. அதுக்குத்தான் முன்னால அப்துல். அப்துல்னா அடிமை. வல்லவனுக்கு அடிமை. வாய்க்கு சுளுவா இருக்கட்டும்னு எங்க ஆளுங்களே அடிமைய உட்டுட்டு வல்லவன மட்டும் கூப்பிட்டுக்கினு கெடக்கறாங்க. அது எங்க தப்பு." கீழிருந்து மணி வந்தது, அதற்குரிய மணியைத் திருப்பி அடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எடுத்ததும் அதேதான், வச்சதும் அதேதான். இதுக்குப் போயி தங்கச்சிய அழ வச்சிட்டீங்களே, ரைட்டரே."

அன்று நான் வீட்டுக்கு நடந்த வழி நெடுக அதே சிந்தனைதான். என் முன்னோர் விட்டுச்சென்ற பாடல்களின் உயிரே அடிமைத்திறம். ஆட்கொள்ளப்பட்டேன், விலைக்கு வாங்கப்பட்டேன், இனி நான் உன் பொருள் என்று சொல்லிச் சொல்லி ஆனந்தப்பட்டவர்கள் அவர்கள். அதைப் பாடியே வளர்ந்த நான், ஐந்து ஆண்டுகள் என் மகனை ஒரு பெயரால் அழைத்தும், அதன் பொருள் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. சொல் அரபு என்பதால் உள்ளே இருப்பது வேற்றுப்பொருள் என்று தீர்மானித்துவிட்டேன்.

அப்போதே திருத்தியிருக்கலாம். மனைவியிடம் போய், பழைய பெயரே இருக்கட்டும், ஏழு வயது முடியட்டும் என்றிருந்தால் தீர்ந்தது. நான் செய்யவில்லை. சந்நிதியில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது அபசாரம் என்று காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மை அதுவன்று. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இப்போது எவரும் சிரிப்பதில்லை. அது எனக்கு இனிமையாக இருந்தது. எங்கள் சாத்திரத்தில் இதற்கு ஆணவம் என்று பெயர். உயிரோடு ஒட்டிப் பிறந்த களிம்பு அது என்பார்கள். படித்திருந்தேன்.

அடுத்த ஆண்டு பிளேக் வந்தது. முதலில் எலிகள் விழுந்தன. பிறகு காய்ச்சல், தொடையிடுக்கில் கட்டி, இரண்டு மூன்று நாளில் முடிவு. எலி விழுந்த வீட்டின் கூரையைப் பிரித்து வெயில் படவிட்டார்கள். நோய் கண்டவர்களை லைனுக்கு வெளியே பொட்டலில் போட்ட கேம்ப்புக்குக் கொண்டுபோனார்கள். கேம்ப்பைச் சுற்றி முள்வேலி. உள்ளே ஓலைக் குடிசைகள் வரிசை வரிசையாக. வரிசையை ரோ என்பார்கள். சமையல், சாவுச் சடங்குகளில் சச்சரவு வராமலிருக்க இந்துக்களுக்குச் சில வரிசைகள், முஸ்லிம்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு ஒன்று என்று ஒதுக்கியிருந்தார்கள். குழந்தையுடன் தாய் மட்டும் போகலாம்.

ஒரு பகல் ஷிஃப்டில் நான் இருந்தபோது, சோதனைக்கு வந்தவர்கள் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டு அழைத்துப் போய்விட்டார்கள். மாலையில் வீடு திரும்பினால் கூரை இல்லை. பாயின் மனைவி தூரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சியும் கூடவே போயிட்டாங்க அண்ணா. அழுவல. ஓடிப்போயி வண்டியில ஏறிக்கிட்டாங்க." நோய் கண்ட வீட்டுக்காரன் என்பதால் என்னைப் பத்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கோயில் கொட்டகையில் தங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கேம்ப் வாயிலுக்குப் போனேன். வேலிக்கு உள்ளே ஆர்டர்லி எனப்படும் மருத்துவச் சிப்பந்தி ஒருவர் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து உறவினர் பெயர் சொன்னால், பட்டியலைப் பார்த்து எந்த வரிசை, எப்படி இருக்கிறார் என்று சொல்வார். நடக்க முடிந்தவர்களை வேலியோரம் வரச்சொல்லித் தூரத்திலிருந்து பார்க்கவும் விடுவார். நான் என் மகனின் பெயரைச் சொன்னேன். சந்நிதியில் சொன்ன பெயரை.

அவர் பார்த்தார். "இல்லப்பா, லிஸ்ட்ல அப்படி யாருமில்ல."

"நேற்றுத்தான் வந்தான். ஆறு வயது."

"எல்லா ரோவும் பாத்துட்டேன். இல்ல. வேற பேரு எதுனா உண்டா?"

இந்த இடத்தில்தான் நான் தயங்காமல் எழுத வேண்டும். எனக்குத் தெரியும். அவர் கேட்ட அந்தக் கணத்திலேயே, அவள் என்ன பெயர் எழுதிக் கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே என்பதும் தெரியும். எனக்குப் பின்னால் திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சேர்ந்த இருவர், தங்கள் வீட்டாரை விசாரிக்க நின்றிருந்தார்கள்.

"வேறு பெயர் இல்லை" என்றேன்.

வேலியோரமாக நடந்து, வரிசைகளை நோக்கி அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டேன். பெயர் கூப்பிடுவதே என் தொழில். சுரங்க இரைச்சலை மீறிக் கேட்கும் குரல் எனக்கு. யாரும் விடையளிக்கவில்லை. மறுநாளும் போனேன். அன்றும் அதே பெயரைக் கேட்டேன், அதே விடை. அன்றும் வேலியோரம் நின்று கூப்பிட்டேன். அவளே இந்தப் பெயருக்கு விடை சொல்லிக்கொண்டு வேலியோரம் வரட்டும் என்ற வீம்பு ஒருபுறம். அவன் இறந்து பெயரை அடித்துவிட்டார்களோ என்ற நடுக்கம் ஒருபுறம். இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கொட்டகைக்குத் திரும்பி, விளக்கேற்றி, பாட உட்கார்ந்தேன். பாடமுடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆர்டர்லியின் முன் நின்று, "காதர்" என்றேன்.

அவர் காகிதத்தைப் புரட்டவேயில்லை. "மூணாவது ரோ, சாயபு ரோ. பையன் பொழச்சிக்கினான். கட்டி ஒடஞ்சிருச்சி." பிறகு என் நெற்றியைப் பார்த்தார். "நீ யாரு அவனுக்கு?"

"தகப்பன்."

அவர் எழுந்து நின்றார். அவர் எழுந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"மொத நாள் சாயங்காலமே அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். நேத்து மத்தியானம் போயிட்டாங்க. யாராச்சும் வருவாங்களான்னு பாத்தோம். யாரும் வரல. அந்த ரோ ஆளுங்களே எடுத்துப் போயி அடக்கம் பண்ணிட்டாங்க."

பட்டியலை எனக்குக் காட்டச் சொன்னேன். 'காதர், வயது ஆறு, உடன் தாய்' என்றிருந்தது. தாய் என்ற சொல்மேல் கோடு கிழித்திருந்தது. அவள் பெயரை எவரும் எழுதவில்லை. முன்பின் அறியாத மனிதர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் போலக் கழுவி, புதுத்துணி சுற்றி, தங்கள் முறைப்படி ஓதி மண்ணில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் செய்தது நான் செய்யாதது. உடல் இல்லாமல் நான் பின்னர் செய்த கிரியைகள் அவளைச் சேர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது.

மேலும் பன்னிரண்டு நாள் கழித்து, பையனை அழைத்துப்போகலாம் என்றார்கள். வாயிலில் வேறொரு குமாஸ்தா இருந்தார்.

"பேரு காதர்னு இருக்குது. நீ பட்டை போட்டுக்கினு வந்து எங்க புள்ளன்னு கேக்கற. நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நெற்றி நீற்றைக் காட்டி எங்கும் நுழைந்து பழகியவனுக்கு, அதுவே தடையாக நின்றது அன்றுதான். லைனுக்குத் திரும்பி ஓடினேன். பாய் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் என்னோடு வந்தார்.

"இவரு புள்ளதான் சார். தர்காவுல தவிட்டுக்கு வித்த புள்ள. எங்க தட்டிக்கு அந்தாண்டதான் வளந்தான். நான் சாட்சி."

"வித்துட்டுத் திரும்ப வாங்கினதா?" என்றார் குமாஸ்தா.

"வாங்கல சார். வளக்கறாங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பாய்தான் கையெழுத்துப் போட்டார்.

என் மகன் வந்தான். மொட்டையடித்திருந்தார்கள், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தாயைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் பக்கத்தில் கிடந்தபோதுதான் அவள் போனாள். அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் என் காதருகே சொன்னான்:

"நீங்க வேலி கிட்ட நின்னு கூப்புட்டீங்களே, அது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டதா?"

"ரெண்டு நாளும் கேட்டுச்சு. அம்மாவுக்கும் கேட்டுச்சு. அம்மாவால எழுந்துக்க முடியல. நான் வரேன்னு சொல்லப் போனேன். அந்தப் பேருக்குப் பதில் சொல்லாத, சொன்னா சொரம் ஏறும், பழைய பேரக் கூப்புடுவாரு, அப்ப போன்னு சொன்னாங்க. நான் காத்துக்கினு இருந்தேன்."

முன்னால் நடந்த பாய் நடையைத் தளர்த்தவில்லை. அவர் கேட்டாரா என்று தெரியாது. நான் அவனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். நான் இன்றுவரை யோசித்தும், அவள் செய்ததை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடைக்கவில்லை. அவள் ஒரு பெயரை நம்பி உயிர் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அதே பொருளுள்ள இன்னொரு பெயரை, எவரோ சிரிப்பார்கள் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். இவற்றுள் எது பக்தி என்று இறைவன் என்னைக் கேட்டால், நான் ஓதிய பாடல்களில் எதுவும் எனக்காகச் சாட்சி சொல்லாது.

கூரை புதிதாக வேய்ந்திருந்தது. உள்ளே சுண்ணாம்பு நெடி. வெந்நீர் போட்டு, கொல்லைப்புறக் கல்லின்மேல் அவனை நிறுத்தினேன். அவனைக் குளிப்பாட்டுவது அதுவே எனக்கு முதல் முறை. சூடு எவ்வளவு வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. நீரில் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்துல் காதர், தலையைக் குனி" என்றேன்.

முழுப் பெயரையும் நான் சொன்னது அதற்குமுன் இல்லை. அவன் உடனே குனியவில்லை. தாயின் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். உத்தரவு வரவேண்டியவன் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நீர் ஆறிக்கொண்டிருந்தது. செம்பை ஏந்தியபடி நானும் நின்றேன்.